ஒரு முன்பல்லைத் தேடிய சைக்கிள்

என் தங்கை புருஷன் முப்பத்தோரு வருஷம் பல் செய்தார். பல் பிடுங்குகிறவர் வேறு, பல் செய்கிறவர் வேறு. பிடுங்குகிறவருக்கு முன்னறை, சாய்கிற நாற்காலி, சுவரில் சான்றிதழ். செய்கிறவருக்குப் பின்னறை, ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு ஸ்பிரிட் விளக்கு. டாக்டர் பொக்கை வாய்க்குள் பசை வைத்து அச்செடுத்து அனுப்புவார். இவர் அந்த அச்சில் ப்ளாஸ்டர் ஊற்றி, அதன்மேல் மெழுகில் ஈறு கட்டி, ஈறில் ஒவ்வொரு பல்லாக நட்டு, வயலில் நாற்று நடுகிறவர் மாதிரி குனிந்தபடியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டார். ஆயிரக்கணக்கான வாய்களுக்குப் பல் கட்டியவர் ஒரு வாயையும் நேரில் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நம்பர்தான். "நாலாம் நம்பருக்குத் தாடை குறுகல் அக்கா", "இருபதாம் நம்பர் தூக்கத்துல பல்லைக் கடிக்கற ஆளு போல" என்று, பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி என்னிடம் பேசுவார்.

அவருக்கு நன்றாகத் தெரிந்த வாய் வீட்டில் ஒன்று இருந்தது. என் தங்கைக்கு மேல்வரிசையில் இடப்பக்கத்து முன்பல் பக்கத்துப் பல்லின்மேல் லேசாகச் சாய்ந்திருக்கும், ஒருக்களித்து வைத்த கதவு மாதிரி. 'ஒருக்களிச்ச கதவு' என்று அவளுக்குப் பட்டம் கட்டிய புண்ணியவதி நான்தான். அந்தப் புண்ணியத்தின் பலன், போட்டோ என்றால் உதட்டை ஒட்டிக்கொண்டுவிடுவாள். கல்யாணப் போட்டோவிலேயே எதையோ திருடித் தின்றுவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரிதான் நிற்கிறாள்.

"டாக்டர்கிட்ட சொன்னா நேர் பண்ணிடுவார்" என்று இவர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"வேண்டாம். நாள் முழுக்க நேரான பல்லா பாத்துட்டு வர்றீங்க. வீட்டுலயும் அதையே பாத்தா அலுத்துப்போயிடும்" என்றாள்.

வீட்டுக் கதவைச் சாத்திவிட்டால் போதும், அந்தப் பல் தெரியத் தெரியச் சிரிப்பாள். கூரை ஓடு இரண்டு நகர்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் பதினோரு போட்டோ மிஞ்சியது. பதினொன்றிலும் வாய் மூடியிருந்தது.

இவர் மூன்றாவது வாரம் வேலைக்குப் போனார். அந்த வாரம்தான் டாக்டர், மேடும் பள்ளமுமான அந்த வடக்குப் பக்கத்து ஊர்களுக்கு வேனில் போய் இலவச முகாம் நடத்தி, நாற்பது பேருக்கு அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். சாதாரணமாக மெழுகில் நட்ட பல்லை ஒருதரம் வாயில் வைத்துப் பார்த்து, கையில் கண்ணாடி கொடுத்து, பல் கட்டிக்கொள்கிறவர் 'சரி' என்று தலையாட்டினால்தான் வார்ப்பார்கள். முகாமுக்கு வேன் இரண்டே நடைதான். அச்செடுக்க ஒரு நடை, பல்லைக் கொடுக்க ஒரு நடை. நடுவில் கண்ணாடிக்கு இடமில்லை. இவர் கை பார்த்து வைத்ததுதான் பல்.

நாற்பது செட்டும் வேனில் போன மறுநாள், உடைத்துப் போட்ட ப்ளாஸ்டர் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். வார்த்த செட்டைப் பிரித்தெடுத்தபின் அந்தத் துண்டுகளில் பல் இருந்த இடமெல்லாம் குழிகுழியாகப் பதிந்திருக்கும். பதினேழாம் நம்பர்த் துண்டைக் கையில் எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடப்பக்கத்து முன்பல்லின் குழி, பக்கத்துக் குழியின்மேல் லேசாகச் சாய்ந்திருந்தது. வைத்தது அவர் கைதான். வைத்தது அவருக்குத் தெரியாது.

அந்தத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார். பதினேழாம் நம்பர் யார் என்று கேட்டால் தப்பைத் திருத்தச் சொல்வார்கள் என்று பயந்து யாரிடமும் கேட்கவும் இல்லை. பிறகு டாக்டர் கடையை வேறொரு டாக்டரிடம் விட்டுவிட்டு மகன் வீட்டோடு போனார், முகாம் பதிவேடும் எங்கோ போனது. பதினேழாம் நம்பர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

இந்த வருஷம் இவருக்கு அறுபது முடிந்தது. வேலையிலிருந்து நின்ற மறுநாளே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க பயணம் மாப்பிள்ளை?"

"சும்மா அக்கா. மேட்டுப்பக்கம் ஊரெல்லாம் மெதுவா சுத்திப் பாத்துட்டு வரலாம்னு."

"முகத்தைப் பாத்தாலே தெரியுது, பொய் சொல்ற பழக்கம் உங்களுக்கு இல்லைன்னு. சொல்லுங்க."

கைக்குட்டையைப் பிரித்தார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரியும். "அவ சிரிப்பு அந்தப் பக்கம் எங்கயோ நடமாடிட்டிருக்கு அக்கா. ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.

நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பஸ்ஸில் போனால் மூன்று நாளில் முடிகிற வேலை. ஆனால் பஸ் ஜன்னல் வழியாக யார் பல்லைப் பார்ப்பது? சைக்கிள் என்றால் எதிரே வருகிறவர் முகம் தெரியும், நிறுத்திப் பேசலாம். பேசினால் மட்டும் போதுமா, சிரித்தால்தானே முன்பல் தெரியும்? ஆகவே சிரிக்க வைக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. நாலு ஜோக் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேரியரில் ஒரு மாற்று உடை, ஒரு போர்வை, தன் வேலைச் சாமான் இருக்கிற தகர டப்பா ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். தினமும் சாயங்காலம் போனில் எனக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இனி நான் சொல்வதெல்லாம் அவர் போனில் சொன்னதுதான். அங்கங்கே கொஞ்சம் உப்பு போட்டிருப்பேன்.

அந்தப் பிரதேசம் இருக்கிறதே, யாரோ பச்சைப் போர்வையை உதறிப் போட்டுவிட்டு நீவாமலே போய்விட்ட மாதிரி இருக்குமாம். ஒரு மேடு ஏறினால் அடுத்த மேடு எட்டிப் பார்க்கும். ஏறும்போது இறங்கித் தள்ளுவார், இறங்கும்போது பயந்துகொண்டு இறங்கித் தள்ளுவார். ஆக, சைக்கிளில் போனவர் பாதி தூரம் சைக்கிளை அழைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். ஓர் ஏற்றத்தில் எருமை ஒன்று இவரை முந்திக்கொண்டு போய், மேட்டின் உச்சியில் நின்று 'வருகிறாரா' என்று திரும்பிப் பார்த்ததாம். இன்னொரு இடத்தில் எதிர்காற்று எப்படி அடித்தது என்றால், இவர் ஒரு மணி நேரம் மிதித்து, காலையில் டீ குடித்த கடைக்கே வந்து சேர்ந்து இன்னொரு டீ குடித்தார்.

"அலுப்பா இல்லையா மாப்பிள்ளை?"

"இல்லக்கா. முப்பத்தோரு வருஷம் ஒரே ஜன்னல்தானே. இங்க ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ஜன்னல் திறக்குது."

முதல் ஊரில் கிணற்றடியில் என் முதல் ஜோக்கைச் சொன்னார். முடிவை முதலில் சொல்லிவிட்டு ஆரம்பத்தைப் பிறகு சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "பாவம், வெயில்ல வந்திருக்காரு" என்று தண்ணீர் கொடுத்தார். இரண்டாவது ஊரில் இரண்டாவது ஜோக்கைச் சொல்ல ஆரம்பித்து, அவரே சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அதைப் பார்த்து ஊரே சிரித்தது. இருபத்திரண்டு பேர் வாயைப் பார்த்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். பதினேழாம் நம்பர் இல்லை.

ஆனால் மற்ற நம்பர்கள் வந்தன. நாலாவது ஊரில் ஒரு தையல்கார அம்மா வாசலில் உட்கார்ந்து வறுத்த சோளத்தைக் கடகடவென்று கடித்துக்கொண்டிருந்தாள். இவருக்குக் கேட்கும்போதே தெரிந்துவிட்டது. நாலாம் நம்பர், குறுகிய தாடை! சைக்கிளை நிறுத்தி, பட்டன் தைக்க வேண்டும் என்று சொல்லி, நன்றாக இருந்த பட்டன் ஒன்றைத் தானே பிய்த்துக் கொடுத்தார்.

அவள் தைத்துக்கொண்டே சொன்னாளாம்: "முன்னாடி எல்லாம் நூலைப் பல்லால கடிக்க முடியாது. இப்ப பாருங்க." நறுக் என்று கடித்துக் காட்டினாள். "எந்த மகராசன் செஞ்சானோ, அவன் கை நல்லா இருக்கணும்."

"நீங்க சொல்லலையா, அந்த மகராசன் நான்தான்னு?" என்று கேட்டேன்.

"எப்படிக்கா சொல்றது? கண்ணுல தூசி விழுந்துடுச்சு. அதோட பட்டனைப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

இப்படி எட்டு நாளில் பத்து ஊர். ஏழு பேரின் வாயில் தன் பல்லைக் கண்டுபிடித்தார். ஒருத்தர் ஊர்க் கூட்டத்தில் அதைக் காட்டித்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாட்டுக்காரர் அதன் வழியாகப் பாடினார். ஒருத்தி புருஷனைத் திட்டினாள், எழுத்து எழுத்தாக, ஒரு சொல்லும் காற்றாகப் போகாமல். "என் வேலை வீண்போகலைக்கா" என்று ஒவ்வொரு சாயங்காலமும் சொல்வார். சந்தோஷமாகத்தான் சொல்வார். ஆனால் பதினேழாம் நம்பர் மட்டும் அகப்படவில்லை. இன்னும் ஓர் ஊர்தான் பாக்கி என்று இருவருக்கும் தெரியும்.

இந்த எட்டு நாளும் வழியில் ஒருத்தர் விடாமல் எதிர்ப்பட்டுக்கொண்டே இருந்தார். ரோடு ரோலர் ஓட்டுகிறவர். அந்தப் பக்கத்து ரோட்டுக்கெல்லாம் புதுத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய உருவம், காதுவரை மீசை, தூசிக்காக மூக்கும் வாயும் மூடிக் கட்டிய துணி. ரோலர் வேகமும் இவர் சைக்கிள் வேகமும் ஒன்று. ஆகவே பக்கத்தில் பக்கத்தில் போவார்கள்.

"இன்னைக்கும் நீங்கதானா?" என்பார் ரோலர்காரர் மேலேயிருந்து. "எதைங்க தேடறீங்க? ஊர் ஊரா நின்னு நின்னு போறீங்களே?"

"சும்மா, ஊர் சுத்தறேன்."

"நானும்தான். எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க, அவ்வளவுதான்."

மூன்றாவது ஜோக்கை அவரிடம் சொல்லிப் பார்த்தார். துணிக்கு மேலே கண் மட்டும் சுருங்கியது. துணி இறங்கவில்லை. டீ குடிக்கும்போதுகூட முதுகைக் காட்டிக்கொண்டு குடிக்கிற ஆள்.

ஒன்பதாம் நாள் கடைசி ஊர். அதற்கு முன்னால் நீளமான ஓர் இறக்கம். ஊர் பக்கத்தில் வந்துவிட்ட தவிப்போ என்னவோ, வாழ்க்கையில் முதல்முறையாக இவர் இறக்கத்தில் தள்ளாமல் ஏறி உட்கார்ந்து பறந்தார். கீழே அப்போதுதான் கொட்டிப் பரப்பிய தார். ஆவி அடங்கவில்லை.

"ஐயா! நில்லுங்க! ஈரம்!" என்று ரோலர்காரர் கத்துவது கேட்டது. சைக்கிளும் நின்றது, தாரில் முன்சக்கரம் ஒட்டிக்கொண்டதால். இவர் காலை ஊன்றினார், செருப்பு ஒட்டிக்கொண்டது. அதை இழுக்க அடுத்த காலை ஊன்றினார், அந்தச் செருப்பும் ஒட்டிக்கொண்டது. ஈ பிடிக்கிற காகிதத்தில் உட்கார்ந்த ஈ மாதிரி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். நின்றபடியே, மரியாதைக்கு, சைக்கிள் மணியை ஒருதடவை அடித்தார்.

ரோலர்காரருக்குத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரோலரே குலுங்கும்படி சிரித்தார். சிரித்த சிரிப்பில் துணி கழுத்துக்கு இறங்கிவிட்டது.

அந்தப் பெரிய மீசைக்குக் கீழே, என் தங்கை சிரித்தாள்.

"கால் வெந்துடும், செருப்பை விட்டுட்டு இந்தப் பக்கம் தாவுங்க!" என்று நாலு பேர் கத்தினார்கள். இவர் காதில் விழவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் ரோலர்காரரே இறங்கி வந்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஓரமாக நிறுத்தினார்.

"ஏங்க என் வாயையே பாக்கறீங்க?" சட்டென்று துணியை ஏற்றிக்கொண்டார்.

"அந்தப் பல்லு நான் செஞ்சது."

ரோலர்காரர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பாவி நீங்கதானா!"

ஒரு மாடு முட்டி மேல்வரிசை போனவராம். முகாமில் பல் வாங்கின நாளிலிருந்து கூட வேலை செய்கிறவர்கள் விடவில்லை. "ஊர் ரோட்டை எல்லாம் சமமாக்கறவன் வாயில மட்டும் மேடு பள்ளம்னு கேலி பண்றாங்கய்யா. ஆறு வருஷமா இந்தத் துணிதான். தெய்வமா வந்தீங்க. இந்த ஒரு பல்லை நேர் பண்ணிக் குடுத்துடுங்க."

இவர் கேரியரில் தகர டப்பாவின் கட்டை அவிழ்த்தார். "என் தப்புங்க. பண்ணித் தந்துடறேன்" என்றார். தகர டப்பாவைத் திறந்து, மரத்தடியில் உட்கார்ந்து, அந்த செட்டுக்கு அரை மணி நேரத்தில் அச்செடுத்துக்கொண்டு, செட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். தன் மனைவி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் போனில் நான் குதித்தேன். "மாப்பிள்ளை, உங்களுக்குப் புத்தி இருக்கா? அதைத் திருத்த முடியாது, திருத்தினா காது கேக்காமப் போயிடும்னு ஏதாவது அடிச்சு விட்டுட்டு வாங்க!"

"அக்கா, அது அவர் வாய்."

"என் தங்கச்சி சிரிப்பு!"

"அவ சிரிப்பை நான் கேக்காம அவர் வாயில வெச்சுட்டேன். ஆறு வருஷம் அந்த மனுஷன் முகத்தை மூடிக்கிட்டு இருந்திருக்கார். நான் பாத்துட்டேன்கா. ஒரு தடவைன்னுதானே கிளம்பினேன். அது கிடைச்சாச்சு. போதும்."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் ஒரு நாள் முழுக்க மனசுக்குள் அவரைத் திட்டினேன். மறுநாள் என் தங்கை அதிர்ஷ்டக்காரி என்று தோன்றியது. இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, பழைய பின்னறைச் சாவியைக் கேட்டு வாங்கி, பத்து நாள் உட்கார்ந்து புது செட் செய்தார். முன்பல்லை நூல் பிடித்த மாதிரி நேராக வைத்தார். பழைய சைக்கிளில் மறுபடியும் அதே மேடு, அதே எருமை. கடைசி ஊரில் ரோலர் நிழலில் நின்றுகொண்டு, இந்த முறை கண்ணாடி காட்டி, 'சரி' வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். ரோலர்காரர் துணியைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டினார். நேரான, அழகான, யாரோ ஒருவருடைய சிரிப்பு. இவரும் கூடச் சிரித்தார். அன்றைக்குப் போனில், "குடுத்தாச்சுக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, ஊர் எல்லையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பப் போனவரை, ரோலர்காரர் ஓடி வந்து பிடித்தார். வாயில் மறுபடியும் துணி.

"உறுத்துதா? ஈறுல படுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. அம்சமா இருக்கு." தலையைச் சொறிந்தார். "வீட்டுலதான் பிரச்சினை. என் பொண்டாட்டி, 'யாருய்யா நீ? எங்க வீட்டு ஆள் எங்க?'ன்னு கேக்கறா. சிரிச்சேன். 'சிரிக்காதீங்க, சர்க்கார் ஆபீசுல ஃபாரம் குடுக்கறவன் மாதிரி இருக்கு'ங்கறா. சின்னப் பொண்ணுக்கு அஞ்சு வயசு. பொறந்ததுலேர்ந்து பழைய பல்லைத்தானே பாத்திருக்கு? பக்கத்துலயே வரமாட்டேங்குது. கோவிச்சுக்காதீங்க. நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சது..."

துணியைக் கீழே இழுத்தார். உள்ளே பழைய செட்.

இவர் சைக்கிளைச் சாய்த்து வைத்தார். ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்து, அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். பதினோரு போட்டோ, நாலு நாள் காய்ச்சல், ப்ளாஸ்டர் குழி, எல்லாம்.

ரோலர்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு விரலால் அந்த முன்பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார். "முன்னாடியே சொல்லியிருந்தா நான் மாத்தச் சொல்லியே இருக்கமாட்டேனே?"

"அதனாலதான் சொல்லலை. எனக்காக வெச்சுக்கிட்டா நல்லா இருக்காது. உங்க வீட்டுக்குப் பிடிச்சு வெச்சுக்கறீங்க பாருங்க, இது போதும்."

அந்த மனிதர் எழுந்து நின்றாராம். பிறகு கழுத்துத் துணியை அவிழ்த்து, இவர் சைக்கிள் சீட்டைத் துடைத்து, ஹேண்டில்பாரைத் துடைத்து, மணியைத் துடைத்து, அந்தத் துணியை ரோலர் எஞ்சினில் எண்ணெய் துடைக்கிற துணிகளோடு போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் வாயை மூடிக் கட்டி யாரும் பார்த்ததில்லை. கேலி செய்கிறவர்களிடம், "இது ஒரு அம்மா குடுத்தது. பாத்துப் பேசுங்க" என்கிறாராம்.

நானும் போய்ப் பார்த்தேன், பஸ்ஸில். அழுதுவிடக் கூடாது என்று வழி முழுக்க என்னை நானே மிரட்டிக்கொண்டு போனேன். அவர் மீசையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அந்த நடுரோட்டில், என்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஆளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கடி" என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல், "சரிங்கக்கா" என்றார்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவர் அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறார். தன் நம்பர்களுக்கெல்லாம் பல்லைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுக்க என்று பெயர். போன வாரம் ரோலர்காரரிடமிருந்து போன் வந்தது.

"அடுத்த மேட்டு ரோடு முடிஞ்சுதுங்க. நல்லா ஆறிடுச்சு, தைரியமா வாங்க. அடுத்த வாரக் கடைசியில லாரிக்குத் திறந்து விட்டுடுவாங்க. அதுக்கு முன்னாடி உங்க சைக்கிள் ஒரு தடவை போயிடட்டும். நான் கீழ நின்னுட்டிருப்பேன்."

இன்று விடிந்ததும் கிளம்பிப் போயிருக்கிறார்.